பாட்டியின் கல்லறைக் கல்லைக் காணோம்: எந்தக் கதவைத் தட்டுவது?

தேயிலைப்பேரன் | ஞாயிறு, இரவு 9:14

நீலகிரிக்காரர்கள், சட்டம் தெரிந்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தாத்தாவும் பாட்டியும் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து கப்பல் ஏறி வந்தவர்கள். 1964இல் போட்ட அந்த ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாகக் கணக்கு. அந்தக் கணக்கில் இவர்களும் இரண்டு தலை. மண்டபம் முகாமில் இறங்கி, கடைசியில் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவே ஒரு தேயிலைத் தோட்டத்தில் சேர்ந்தார்கள். இரண்டு பேரையும் புதைத்தது தோட்டத்து இடுகாட்டில்தான். லைன் வீடுகளுக்கு (தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு) கீழே, சில்வர் ஓக் மரங்கள் நிற்கிற சரிவு. ஐம்பது அறுபது குழிகள் இருக்கும். இந்துக்கள், கிறிஸ்தவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான். வேலி கிடையாது.

நேற்று அப்பா திதிக்குப் போனோம். ஐந்து மேடைகளை உடைத்திருக்கிறார்கள். பதித்த டைல்ஸைக் கடப்பாரையால் நெம்பி எடுத்திருக்கிறார்கள். ஒரு சிலுவை பாதியாக முறிந்து கிடக்கிறது. எங்கும் பாட்டில், பிளாஸ்டிக் டம்ளர். பாட்டி தலைமாட்டில் நின்ற கருங்கல்லைக் காணவே காணோம். 1994இல் அப்பா தீபாவளி போனஸில் செய்துவைத்த கல் அது. பாட்டி பெயர், பிறந்த ஊர், இறந்த தேதி எல்லாம் வெட்டியிருக்கும். தாத்தாவுடையது வெறும் சிமெண்ட் மேடை, அதை யாரும் தொடவில்லை. சிமெண்டுக்கு யார் ஆசைப்படப் போகிறார்கள்.

பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போனேன். முதல் கேள்வியே "கல் என்ன விலை இருக்கும்?" என்பதுதான். அடுத்தது, "யார் மேல் சந்தேகம்?" அப்புறம், "மதப் பிரச்சினை ஒன்றும் இல்லையே, குடிகாரப் பசங்க வேலை, பேசிப் பார்க்கிறோம்" என்று சொல்லி சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

செத்தவர்களின் இடத்துக்கென்று தனியாகச் சட்டம் எதுவும் இல்லையா? இல்லை, பாட்டியும் ஒரு திருட்டுப்போன சைக்கிள் மாதிரிதானா?

கருப்புக்கோட்டு | ஞாயிறு, இரவு 10:02

தனியாகவே இருக்கிறது தம்பி. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 297ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 301. இடுகாடு, ஈமச் சடங்குக்கென்று ஒதுக்கிய இடம், இறந்தவர்களின் எச்சங்களை வைத்திருக்கும் இடம் இவற்றில் அத்துமீறி நுழைந்தாலும், பிணத்தை அவமதித்தாலும், சாவுக்குக் கூடியவர்களைத் தொந்தரவு செய்தாலும் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

"மதப் பிரச்சினை இல்லையே" என்று நிலையத்தில் சொன்னது பாதிதான் சரி. ஒருவர் மனதைப் புண்படுத்தும் நோக்கம், அல்லது மதத்தை அவமதிக்கும் நோக்கம் என்று பிரிவு சொல்வது உண்மை. ஆனால் அதோடு நிற்கவில்லை. இதனால் ஒருவர் மனம் புண்படும் என்று தெரிந்திருந்தாலே போதும் என்றும் சொல்கிறது. பெயர் வெட்டிய கல்லைப் பெயர்த்துக்கொண்டு போகிறவனுக்கு, அந்தப் பெயருக்கு உரிய வீட்டில் யாராவது அழுவார்கள் என்று தெரியாதா? அப்படித்தான் நான் வாதாடுவேன். முறிந்த சிலுவைக்கு 298ஆவது பிரிவையும் கேட்டுப் பார்க்கலாம். ஒரு பிரிவு மக்கள் புனிதமாக மதிக்கும் பொருளைச் சேதப்படுத்துவது அதில் வரும், இரண்டாண்டு வரை தண்டனை. ஆனால் அங்கே அவமதிக்கும் எண்ணத்தை நிரூபிக்க வேண்டும், குடிபோதை என்றால் இழுபறிதான்.

இன்னொன்று முக்கியம். 301 என்பது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம். அப்படிப்பட்ட குற்றம் நடந்ததாகப் புகார் வந்தால் முதல் தகவல் அறிக்கை போட்டே ஆக வேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. சி.எஸ்.ஆர். என்பது மனு வந்து சேர்ந்ததற்கான ரசீது மட்டுமே. போடவில்லை என்றால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173(4)படி மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் புகாரைத் தபாலில் அனுப்புங்கள், பதிவுத் தபால் நல்லது. அப்படியும் நடக்கவில்லை என்றால் நடுவர் நீதிமன்றம்.

தள்ளிப் போடாதீர்கள். ஓராண்டு வரை மட்டுமே தண்டனை உள்ள குற்றத்துக்குக் காலவரம்பும் ஓராண்டுதான். சி.எஸ்.ஆரைப் பெட்டியில் வைத்துக்கொண்டு "பேசிக்கொண்டிருக்கிறார்கள்" என்று காத்திருந்தே காலாவதியான மனுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற_ரைட்டர் | திங்கள், காலை 6:20

முப்பது வருஷம் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்த்தவன் நான். அந்த "என்ன விலை" கேள்வியைக் கேட்டுத் தம்பி கோபப்படுவது நியாயம். ஆனால் கேட்டவர் சும்மா கேட்கவில்லை.

புதுச் சட்டத்தில் திருட்டு 303(2). திருட்டுப்போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே என்றால் போலீஸ் தானாக வழக்குப் பதிய முடியாத வகையாகிவிட்டது. செய்தவனுக்கு அது முதல் தண்டனை, பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டான் என்றால் சமூக சேவைதான் தண்டனை, சிறை கிடையாது. உடைத்துச் சேதம் பண்ணியது 324. அதிலும் சேதத்தின் மதிப்பு ஏற ஏறத் தண்டனையும் ஏறும். சின்னத் தொகை என்றால் ஆறு மாதம் வரை, அதுவும் நேரடியாகப் பதிய முடியாது. 20,000 தொட்டால் இரண்டு வருஷம் வரை, லட்சத்தைத் தாண்டினால் ஐந்து வருஷம் வரை. அதனால்தான் ரைட்டர் பேனாவை எடுத்ததும் விலையைக் கேட்கிறார்.

ஆகவே புகாரை எப்படி ஆரம்பிக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "என் பாட்டியின் கல்லைக் காணோம்" என்று முதல் வரி எழுதினால் அது காணாமல்போன கல்லாகவே போகும். "எங்கள் முன்னோரைப் புதைத்த இடுகாட்டுக்குள் அத்துமீறி நுழைந்து, கல்லறைகளை இடித்து, சிலுவையை முறித்து, எங்கள் மனம் புண்படும்படி" என்று தொடங்குங்கள். கல் அதற்குக் கீழே இரண்டாவது பத்தியில் வரட்டும். ஒரு வழக்கில் நேரடியாகப் பதியக்கூடிய குற்றம் ஒன்று இருந்துவிட்டால் மற்றவற்றையும் சேர்த்தே விசாரிக்கலாம். 301 என்கிற இன்ஜின் மாட்டினால் மற்றப் பெட்டிகள் பின்னால் வரும்.

கருப்புக்கோட்டு | திங்கள், காலை 7:45

ரைட்டர் சாருக்கு வணக்கம். நான் ஒரு பக்கம் எழுதியதை நீங்கள் ரயிலை வைத்து முடித்துவிட்டீர்கள்.

நேர்ப்பேச்சு | திங்கள், மதியம் 1:10

யாரும் அடிக்க வரவேண்டாம். அந்த லைனில் உயிரோடு இருக்கிறவர்களுக்குப் பட்டா இருக்கிறதா? ஓய்வு பெற்ற மறுமாதமே வீட்டைக் காலி பண்ணு என்கிற இடத்தில், செத்தவர்களுக்குப் பாதுகாப்பு கேட்டு இவ்வளவு பிரிவு எண்களா? குடித்துவிட்டுச் செய்த பையன்களும் அதே லைன் பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள். ஓராண்டு சிறைக்கு அனுப்பி என்ன சாதிக்கப் போகிறோம்?

ஊசிமலை | திங்கள், மதியம் 2:35

நேர்ப்பேச்சு அண்ணா, பட்டா இல்லாதவர்களுக்குத்தான் இடுகாடு வேண்டும். நான் கூடலூர்ப் பக்கம். எங்கள் ஊர்களில் நிலத்துக்கு ஆதாரம் கேட்டால் பெரியவர்கள் முதலில் கைகாட்டுவது புதைகுழிகளைத்தான். "என் அம்மாவை இங்கே வைத்தோம், அந்த வருஷம் மாரியம்மன் திருவிழா நின்றுபோனது" என்று சொல்வார்கள். எங்கள் கதை ஜென்மி நிலங்களை ஒழித்த 1969 ஜென்மச் சட்டத்தில் சிக்கி, குத்தகை விவகாரம் முடிவாகாத பிரிவு 17 நிலம் என்று இன்றைக்கும் இழுத்துக்கொண்டிருக்கிறது. வருவாய்த் துறை ஒன்று சொல்லும், வனத்துறை ஒன்று சொல்லும். அந்த நிலத்தில் நாற்பது ஐம்பது வருஷமாக மனிதர்கள் பிறந்து செத்திருக்கிறார்கள் என்பதற்குக் குழியைவிடப் பெரிய சாட்சி கிடையாது. அதை உடைத்தால் கல் மட்டுமா போகிறது?

தேயிலைப்பேரன் தம்பி, போலீஸ் வேலை ஒரு பக்கம் நடக்கட்டும். நாளைக்கே வி.ஏ.ஓ. அலுவலகம் போய் அந்தப் புல எண்ணுக்கு அ-பதிவேட்டில் (கிராம நிலப் பதிவேட்டில்) என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். புறம்போக்கு, மயானம் என்று ஒரு வார்த்தை இருந்தால் பாதிச் சண்டை முடிந்தது. ஆக்கிரமித்தால்கூட 1905ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் தாசில்தார் நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம். தோட்டத்தின் பட்டா நிலமாக இருந்தால்தான் வம்பு.

1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்தைப் படித்திருக்கிறீர்களா? வீடு, குடிநீர், ஆஸ்பத்திரி, பிள்ளைக் காப்பகம், ஏன், குடையும் கம்பளியும் மழைக்கோட்டும்கூட அதில் வந்தது. செத்தால் எங்கே வைப்பது என்று ஒரு வரி கிடையாது. தொழிலாளி சாகவே மாட்டான் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

பைன்மரம் | திங்கள், இரவு 8:50

நான் ஊட்டியில் ஒரு பழைய ஆலயத்தின் கல்லறைத் தோட்டக் குழுவில் இருக்கிறேன். பணக்காரக் கல்லறைகளுக்கு என்ன கதி என்று சொல்கிறேன், தம்பிக்கு ஆறுதலாக இருக்கும், அல்லது இருக்காது.

ஊட்டியை உருவாக்கிய கலெக்டர் ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் 1830இல் அர்ப்பணிக்கப்பட்ட செயின்ட் ஸ்டீபன்ஸ் ஆலயத்துக்குப் பின்னால் இருக்கிற சரிவில்தான் உறங்குகிறார்கள். ஏரிக்கரை செயின்ட் தாமஸ் ஆலயத்தில் சென்னை மாகாணத்தின் கவர்னராகவே இருந்து 1881இல் இறந்த வில்லியம் ஆடம். இவர்களுக்கு வரலாற்றுப் பெயர் இருக்கிறது, சுற்றுலாக்காரர் வந்து படம் எடுக்கிறார். பெயர் தெரியாத கல்லறைகளைத்தான் சுரண்டுகிறார்கள்.

அந்தக் காலத்துப் பளிங்குக் கல்லில் எழுத்தை எப்படி வைத்தார்கள் தெரியுமா? எழுத்தின் வடிவத்தில் பள்ளம் வெட்டி, பள்ளத்துக்குள் சின்னச் சின்னத் துளை போட்டு, அதில் ஈயத்தை அடித்து இறக்குவார்கள். ஈயத்துக்குப் பழைய இரும்புக் கடையில் நல்ல விலை. ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும், குழந்தையின் பெயர் எழுத்து எழுத்தாகப் பையில் விழுந்துவிடும். சுற்றிலும் போட்ட இரும்புச் சங்கிலி, கம்பி வேலி எல்லாம் என் சின்ன வயதிலேயே போய்விட்டன. ஈயம் போன கல்லைப் படிக்க ஒரு வழி இருக்கிறது. மெல்லிய தாளை மேலே வைத்துக் கரித்துண்டால் தேய்த்தால் துளைகளின் வரிசை தெரியும், பெயரைக் கண்டுபிடித்துவிடலாம். அப்படி எத்தனையோ மாலை உட்கார்ந்து தேய்த்திருக்கிறேன்.

பாதுகாப்பு என்றால் வெளிநாட்டிலிருந்து பணம் கொட்டும் என்று நினைக்கிறார்கள். தெற்காசியக் கல்லறைகளுக்கான பிரிட்டிஷ் சங்கம் ஒன்று 1976இலிருந்து இருக்கிறது. கல்வெட்டு வாசகங்களைப் பதிவு செய்வது, சின்ன உதவித்தொகை தருவது அவர்கள் வேலை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் போரில் இறந்த சிப்பாய்களை மட்டும்தான் பார்க்கும். அவ்வளவு பெரிய ஆணையத்தாலேயே இந்தியா முழுக்கச் சிதறிக் கிடக்கிற முதல் உலகப் போர்க் கல்லறைகளைப் பராமரிக்க முடியவில்லை. சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்தின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். அப்படிப் பராமரிக்க முடியாத இடங்களில் கிடக்கிற ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களைச் சுவரில் வெட்டி வைத்துவிட்டார்கள். பெயராவது மிஞ்சட்டும் என்று.

பழசு என்றால் தொல்லியல் துறை பார்க்கும் என்பார்கள். நூறு வயதாகிவிட்டால் தானாகப் பாதுகாப்பு வந்துவிடாது. 1958 மத்தியச் சட்டமோ 1966 மாநிலச் சட்டமோ, அரசிதழில் அறிவித்த சின்னத்துக்குத்தான் காவல். அறிவிக்காத கல்லறைக்கு நானும் இன்னும் மூன்று கிழவர்களும்தான் காவல்.

மூன்றாம்_மைல் | திங்கள், இரவு 9:30

கோத்தகிரியிலிருந்து ஒரு சின்னக் குறிப்பு. எங்கள் இடுகாட்டிலும் மாதம் ஒரு சிலுவை சாய்ந்து கிடக்கும். பக்கத்து ஊர்ப் பையன்கள் மேல் சந்தேகம், இரண்டு ஊருக்கும் பேச்சுவார்த்தை நின்றே போனது. கடைசியில் ஒருவர் வீட்டு கேமராவைக் கடன் வாங்கி மரத்தில் கட்டினோம். ராத்திரி இரண்டரை மணிக்குக் காட்டுமாடு ஒன்று வந்து, சிலுவையில் கழுத்தைச் சொறிந்துவிட்டு நிதானமாகப் போகிறது. பக்கத்து ஊரில் மன்னிப்புக் கேட்க எங்கள் தலைவர்தான் போனார். வக்கீல் சார், காட்டுமாட்டுக்கு நோக்கம் உண்டா?

கருப்புக்கோட்டு | திங்கள், இரவு 9:41

நோக்கம் கிடையாது. மனம் புண்படும் என்ற அறிவும் கிடையாது. விடுதலைதான்.

பைன்மரம் | திங்கள், இரவு 9:55

சிரிக்கலாம், ஆனால் மாட்டைவிட மரம் மோசம். எங்கள் தோட்டத்தில் மழைக்காலத்தில் சாய்ந்த சைப்ரஸ் ஒன்றே பன்னிரண்டு கல்லறைகளை நொறுக்கியது. சாய்வதற்கு முன்னால் வெட்டலாம் என்றால் 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தில் அனுமதி வேண்டும். மனு போனது, அனுமதி வருவதற்குள் காற்று வந்துவிட்டது. சட்டத்தைக் குறை சொல்லவில்லை. அது இல்லை என்றால் ஊட்டியில் ஒரு மரம் நிற்காது.

கல்திட்டை | செவ்வாய், காலை 11:15

கொடைக்கானலிலிருந்து. எல்லாரும் இருநூறு வருஷக் கதை பேசுகிறீர்கள். எங்கள் பழனி மலையில் தாண்டிக்குடி, பேத்துப்பாறை பக்கம் நிற்கிற கல்திட்டைகள் பெருங்கற்காலத்துப் புதைவிடங்கள். செண்பகனூர் இயேசு சபைப் பாதிரியார் ஆங்கிலேடும் நியூட்டனும் அவற்றை அலைந்து திரிந்து அளந்து எழுதியதை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. அவர்கள் வரைந்த படத்தோடு போய்ப் பார்த்தால் நெஞ்சு அடைக்கிறது. மூடுகல்லைக் காணோம், பக்கக் கல் காபித் தோட்டத்துக்குத் தடுப்புச் சுவராகிவிட்டது. மிச்சத்தைப் புதையல் இருக்கிறது என்று தோண்டிப் போட்டிருக்கிறார்கள். அங்கே தங்கமும் இல்லை ஒன்றும் இல்லை. பானை ஓடு, சில சமயம் மணி, இரும்பு, அவ்வளவுதான்.

புதையல் பைத்தியங்களுக்கு ஒரு தகவல். 1878ஆம் வருஷப் புதையல் சட்டம் இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது. மண்ணுக்குள்ளிருந்து 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். பத்து ரூபாய்! ஒரு டீ இன்றைக்கு அதைவிட அதிகம்.

ஆனால் குறை சொல்லும்போது ஒன்றை ஒளிக்கக் கூடாது. நீலகிரியின் பழைய கல்வட்டப் புதைகுழிகளைப் பெரிய அளவில் திறந்தது கொள்ளையர் இல்லை. அந்த மலையின் முதல் கமிஷனர் பிரீக்ஸ். அவர் எடுத்த வெண்கலக் கிண்ணங்களும் மண் பொம்மைகளும் எழும்பூர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. இரவில் கடப்பாரை எடுத்தால் குற்றம், பகலில் அரசாணையோடு எடுத்தால் ஆய்வு. அந்தக் குழிக்குள் இருந்தவருக்கு இரண்டும் ஒன்றுதான் என்று சில சமயம் தோன்றும். அருங்காட்சியகத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் நமக்கு இவ்வளவும் தெரிந்திருக்காது என்பதும் உண்மை. எனக்கே இதில் ஒரு முடிவு கிடையாது.

நேர்ப்பேச்சு | செவ்வாய், மதியம் 12:05

ஊசிமலை அக்கா சொன்ன "சாட்சி" விஷயம் எனக்குத் தோன்றவில்லை, ஒத்துக்கொள்கிறேன். சிறை பற்றிச் சொன்னதை மட்டும் வாபஸ் வாங்கவில்லை.

மழைக்குடை | செவ்வாய், மாலை 6:40

எங்கள் மையவாடி (முஸ்லிம் இடுகாடு) வக்ஃபு நிலம், எல்லைக் கல் இருக்கிறது, ஜமாஅத் இருக்கிறது. அதனால் வெளிப் பிரச்சினை குறைவு. உள் பிரச்சினைதான், இடம் நிறைந்துவிட்டது. அதை விடுங்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த ஒரு டாக்டரின் உடலைப் புதைக்க விடாமல் கூட்டம் கல்லால் அடித்து விரட்டியது நினைவிருக்கும். நண்பரான இன்னொரு டாக்டர் கையாலேயே நடுராத்திரியில் மண் தள்ளினார். அதற்கப்புறம் உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து, கண்ணியமாகப் புதைக்கப்படுவதும் அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவில், உயிர் வாழும் உரிமைக்குள் வருகிற உரிமைதான் என்றது. அரசும் அந்த மாதமே அவசரச் சட்டம் போட்டது. அறிவிக்கை செய்த தொற்றுநோயில் இறந்தவரின் அடக்கத்தைத் தடுத்தால் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் மூன்றாண்டு சிறை. அந்த வெறியும் அப்புறம்தான் அடங்கியது. தண்டனையால் என்ன பயன் என்று கேட்ட நேர்ப்பேச்சு அண்ணனுக்காக இதைச் சொல்கிறேன்.

தேயிலைப்பேரன் | வெள்ளி, இரவு 10:30

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

ரைட்டர் ஐயா சொன்னபடியே புகாரை மாற்றி எழுதினேன். கல்லை இரண்டாவது பத்திக்குத் தள்ளினேன், கை வரவில்லை, ஆனாலும் தள்ளினேன். கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, நகலோடு நிலையத்துக்கும் போனேன். வியாழக்கிழமை எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டார்கள். 301, 303, 324 மூன்றும் இருக்கிறது. 298 போடவில்லை.

அ-பதிவேடு பார்த்தேன். மொத்தமும் தோட்டத்துப் பட்டாதான். இடுகாடு என்று ஒரு எழுத்து இல்லை. புல வரைபடத்தில் அந்தச் சரிவு வெறும் தேயிலை. நாங்கள் ஐம்பது வருஷமாக இல்லாத ஓர் இடத்தில் புதைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

கருப்புக்கோட்டு | வெள்ளி, இரவு 10:58

பயப்படாதீர்கள். 301 கேட்பது பட்டா இல்லை, அது புதைக்கும் இடமா என்பதுதான். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் "இது தேயிலைக் காடு, இடுகாடு என்று யார் சொன்னது" என்று கேட்பார், நானாக இருந்தாலும் கேட்பேன். அதற்குத் தோட்ட அலுவலகத்தின் பழைய கடிதங்கள், சாவுச் செலவுக்குக் கொடுத்த முன்பணக் கணக்கு, இறப்புச் சான்றிதழ்கள், கருமாதிப் புகைப்படங்கள் எல்லாம் உதவும். இன்னொன்று, ஊராட்சிப் பகுதியில் புதிதாகப் புதைக்க 1999 விதிகளின்படி உரிமம் பெற்ற இடம் வேண்டும். ஆகவே ஊராட்சியிடம் போகும்போது "எங்கள் இடுகாட்டைப் பதிவில் ஏற்றுங்கள்" என்று கிராம சபைத் தீர்மானத்தோடு போங்கள். மயான வசதி செய்து தருவது ஊராட்சியின் கடமைகளில் ஒன்று.

ஊசிமலை | சனி, காலை 8:15

நாங்கள் கூடலூரில் செய்ததைச் சொல்கிறேன். இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினோம். குழிக்கு ஒரு எண், யார், எந்த வருஷம், சொந்தக்காரர் யார், பக்கத்தில் நிற்கிற பாறையிலிருந்து எத்தனை அடி. ஒவ்வொன்றுக்கும் போனில் படம், இடக்குறியீடு விழும்படி. பெயர் தெரியாத குழிக்குத் "தெரியாது" என்றே எழுதினோம். அப்படிப் பதினேழு. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் வில்லை ஒட்டித் தாலுகா அலுவலகத்துக்கு ஒரு மனுவும் போட்டோம், பழைய வரைபட நகல் கேட்டு. உடைத்த பிறகு எடுக்கிற படத்தைவிட உடைக்கும் முன்னால் எடுத்த படம்தான் கோர்ட்டில் பேசும். உங்கள் பாட்டி கல் இருந்த படம் ஏதாவது இருக்கிறதா?

தேயிலைப்பேரன் | சனி, காலை 9:05

இருக்கிறது அக்கா. 1994இல் கல் வைத்த அன்று எடுத்த படம். அப்பா, சித்தி, நடுவில் கல். அத்தோடு கல் பட்டறை ரசீதும் சித்தி பெட்டியில் இருந்தது. 2,800 ரூபாய்.

தேயிலைப்பேரன் | அடுத்த புதன், இரவு 9:20

கல் கிடைத்துவிட்டது.

எங்கள் லைனுக்கு இரண்டு லைன் கீழே, ஒரு வீட்டின் பின்பக்கம். துணி துவைக்கப் போட்டிருக்கிறார்கள், எழுத்து மண்ணைப் பார்த்துக் கவிழ்ந்து கிடந்தது. எடுத்துவந்தவன் பத்தொன்பது வயசுப் பையன். மற்ற மேடைகளை உடைத்தது தான் இல்லை, உடைந்து கிடந்ததைப் பார்த்துத்தான் எடுத்தேன் என்கிறான். உண்மையா என்று தெரியாது. அவன் ஆயாவும் என் பாட்டியும் ஒரே கப்பலில் வந்தவர்கள். அந்த ஆயாவும் அதே இடுகாட்டில்தான் இருக்கிறார், கல் இல்லாமல்.

இப்போது கல் வழக்குச் சொத்தாகிவிட்டது. சீட்டு ஒட்டிக் காவல் நிலையத்தில், பிடிபட்ட பைக்குகளுக்கு நடுவே சாய்த்து வைத்திருக்கிறார்கள். திரும்ப எப்படி வாங்குவது?

கருப்புக்கோட்டு | அடுத்த புதன், இரவு 10:10

நடுவர் நீதிமன்றத்தில் பி.என்.எஸ்.எஸ். 497இல் இடைக்காலப் பொறுப்பு கேட்டு மனு போடலாம். படமும் ரசீதும் இருக்கிறதால் சிரமம் இருக்காது. கேட்கும்போது கொண்டுவந்து காட்டுவேன் என்று பத்திரம் எழுதித் தர வேண்டும்.

மனுவில் சொத்தின் மதிப்பு எழுத வேண்டும். இங்கே கவனம். ரசீதில் உள்ள 2,800 என்று எழுதினால் திருட்டு 5,000க்குக் கீழே போய்விடும். ரைட்டர் சார் சொன்ன சமூக சேவைக் கணக்கு வரும். இன்றைக்கு அதே கல்லைச் செய்ய என்ன ஆகும் என்று ஒரு பட்டறையில் விலைப்புள்ளி வாங்கினால் நிச்சயம் அதைத் தாண்டும், அதையும் எழுத நியாயம் இருக்கிறது. 301 தனியாக நிற்கும், அது வேறு. எதை எழுதுவது என்று வீட்டில் பேசிவிட்டுச் சொல்லுங்கள்.

தேயிலைப்பேரன் | அடுத்த வியாழன், காலை 6:50

பேசினோம் சார். விலைப்புள்ளி வேண்டாம் என்கிறார் சித்தி. ரசீதில் என்ன இருக்கிறதோ அதையே எழுதச் சொல்கிறார். அந்தப் பையனுக்குச் சமூக சேவை என்று வந்தால் அதை அந்த இடுகாட்டிலேயே செய்ய வைக்க முடியுமா என்று உங்களிடம் கேட்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை நோட்டுப் போட்டுக் குழி எண்ணப் போகிறோம். அவன் ஆயா குழி எது என்று காட்ட அவனையும் வரச் சொல்லியிருக்கிறார்.